ஹப்பிள் எப்படித் திரும்புகிறது? நாற்காலியில் உட்கார்ந்தே செய்து பார்க்கலாம்

ஹப்பிள் தொலைநோக்கியில் ராக்கெட் எஞ்சின் கிடையாது. வெளியேறும் வாயு கண்ணாடியில் படிந்தால் படம் கெட்டுவிடும். பிடிமானமே இல்லாத வெளியில், 13 மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய் 1990 முதல் நட்சத்திரம் நட்சத்திரமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எப்படி? சுழல்நாற்காலி ஒன்றும் கனமான புத்தகம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: திரும்புவது

கால்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். புத்தகத்தை இரண்டு கைகளாலும் வலப்பக்கம் நீட்டிப் பிடித்து, கையை விடாமல் சட்டென்று இடப்பக்கம் கொண்டுபோங்கள். நாற்காலி வலப்பக்கம் திரும்பும். சரி, கை நின்றதும் என்ன ஆகிறது? நாற்காலியும் நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால், திரும்பியதைவிட இந்த நிற்பதுதான் முக்கியம். படம் எடுக்க அசையாமல் நிற்க வேண்டுமே!

கை ஓரளவுக்குத்தான் போகும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஹப்பிளுக்குள் ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ எடையில் நான்கு சக்கரங்கள். மோட்டார் சக்கரத்தின் வேகத்தை ஒரு பக்கம் கூட்டினால், தொலைநோக்கி மறுபக்கம் மெல்லத் திரும்பும். கடிகாரத்தின் நிமிட முள் வேகம்தான்: 90 டிகிரிக்கு 15 நிமிடம்.

படி 2: எங்கே பார்க்கிறோம்?

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். யாராவது நாற்காலியைத் திருப்பட்டும். எவ்வளவு திரும்பினோம் என்று ஓரளவு தெரியும், கொஞ்ச நேரத்தில் கணக்கு தப்பிவிடும். எவ்வளவு திரும்பினோம் என்று உணரும் கைரோ கருவியும் அப்படித்தான், சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்ததும் திசை தெளிகிறதல்லவா? ஹப்பிளுக்கு அந்த ஜன்னல், நட்சத்திரங்கள். வழிகாட்டி நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டால் 0.007 விகலைக்குள் நிற்கும் (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள தலைமுடியின் தடிமன் அது!

படி 3: சக்கரத்தின் சுமையை இறக்குவது

பூமியின் ஈர்ப்பும் மெல்லிய காற்றும் தொலைநோக்கியை விடாமல் லேசாகத் திருப்பப் பார்க்கும். அதைச் சமாளித்துச் சமாளித்துச் சக்கரத்தின் வேகம் எல்லையை நெருங்கும். அதைத் தவிர்க்க மின்காந்தத் தண்டுகளில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். திசைகாட்டி முள்ளைத் திருப்பும் அதே பூமிக் காந்தப்புலம் தண்டுகளைத் திருப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சக்கரமே பழுதானால்?

பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலத்துக்கு அது நடந்தது. நான்கில் ஒன்று 2012-லும் இன்னொன்று 2013-லும் நின்றுபோயின. மிச்சமிருந்த இரண்டு சக்கரங்கள் இரண்டு அச்சுகளைத்தான் பிடிக்கும். மூன்றாவதற்குச் சூரிய ஒளியின் அழுத்தத்தையே பயன்படுத்தினார்கள். கூரை முகடுபோல் இருபுறமும் சரிந்த சூரியத் தகடுகளில் வெயில் சமமாக விழும்படி கலத்தை நிறுத்தி, 2018 வரை கோள்களைத் தேடினார்கள்.