சிறுதொழிலை வளர்க்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஒரு பெரிய ஆலை வந்துவிட்டால் போதும், வேலை தானாக வரும்.” புகைபோக்கிகளை எண்ணி வளர்ச்சியை அளந்த காலத்துப் பேச்சு இது. இன்னும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. உலக வங்கிக் கணக்குப்படி, உலகிலுள்ள நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் சிறியவையும் நடுத்தரமானவையும்தான். வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவை தருகின்றன. அப்படியிருந்தும் சலுகை என்று வந்தால் அரசுகள் முதலில் பெரிய நிறுவனங்கள் பக்கமே திரும்புகின்றன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் என்ன நடந்தது? 2017-இல் மின்னணுப் பொருட்கள் செய்யும் தைவானின் பாக்ஸ்கான் நிறுவனம் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது மிஞ்சியது 67 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை. சலுகையையும் வெட்டினார்கள். ஆனால் நிலத்துக்கும் சாலைக்கும் உள்ளாட்சிகள் செலவழித்தது செலவழித்ததுதான். பெரிய ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் வாக்கை நம்பி ஒரு வட்டாரமே காத்திருக்கக் கூடாது.

சரி, சிறியவர்களுக்கே சலுகை கொடுத்துவிட்டால்? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் 1967 முதல் நூற்றுக்கணக்கான பொருட்களைச் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கி, இயந்திர முதலீட்டுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நல்ல இயந்திரம் வாங்கிப் பெரிதாக வளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு யார் வளர நினைப்பார்கள்? பட்டியலில் கடைசியாக இருந்த 20 பொருட்களை 2015-இல்தான் நீக்கினார்கள். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வேலையை அதிகம் உருவாக்குவது சிறிய நிறுவனங்கள் என்பதைவிடப் புதிய நிறுவனங்கள் என்பதே சரி என்று காட்டியது. அளவை மட்டும் பார்த்து உதவினால் குறி தவறிவிடும்.

எனக்கு மனம் அதிகம் பதறுவது அடுத்த தவறைப் பார்க்கும்போதுதான்: பணம் தாமதமாக வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது. உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கு உடனே காசு கொடுக்க வேண்டும். கூலி வாரக் கடைசியில். சரக்கை வாங்கிய பெரிய நிறுவனத்திடமிருந்து பணம் வருவதோ பில் கொடுத்து 90 நாள் கழித்து. அந்த இடைவெளியில் இன்னும் மூன்று ஆர்டர் வந்தால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இரும்புச் செலவும் கூலியும் ஏறிக்கொண்டே போகும், வரவு இன்னும் பூஜ்யம். கணக்கில் லாபம், கையில் காசில்லை. ஆர்டர் நிறைய இருந்தும் மூடப்படும் பட்டறைகள் உண்டு. இந்தப் பட்டறைக்காரருக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறோம் என்கிறார்கள். உண்மையில் பெரிய நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பவரே இவர்தான். இந்தியாவின் 2006 சட்டம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. ஆனால் வற்புறுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று பலர் வாய் திறப்பதில்லை. கேட்க வேண்டிய பொறுப்பை அவர் தலையில் கட்டாமல், தாமதத்தை வெளியிலிருந்து கண்காணித்துத் தட்டிக்கேட்க ஓர் அமைப்பு வேண்டும்.

அப்புறம், கடனுக்கு அடமானம் கேட்பது. புது யோசனையோடு வருபவரிடம் நிலப் பத்திரம் இருக்காது. அவருக்குக் கடனைவிட முதலில் வேண்டியது, நம்பி வேலை கொடுக்கும் ஒருவர். அமெரிக்கா 1982-இல் ஒரு சட்டம் போட்டு, பெரிய அரசுத் துறைகள் தங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கச் செய்தது. கைபேசிச் சில்லுகளுக்குப் பேர்போன குவால்காம், சின்ன நிறுவனமாக இருந்த காலத்தில் இந்தப் பணம் அதற்கும் கிடைத்தது.

புதியதைக் கண்டு பயந்து பழைய விதியால் கட்டிப்போடுவது இன்னொரு தவறு. பிரிட்டனில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலையில் ஓடும் இயந்திர வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல். 1878-இல் கொடி போயிற்று. ஆள் நடப்பது 1896 வரை நீடித்தது. அதே நாட்டின் நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வேறு வழியில் போனது. புதிய சேவையைக் கொஞ்சம் வாடிக்கையாளர்களோடு, தன் கண்காணிப்பில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நடத்திப் பார்க்க இடம் கொடுத்தது.