பிறரைப் பற்றிப் பேசும்போது தீர்ப்பிடாமல் இருப்பது எப்படி?

மலைப்பொழிவில் இயேசு பிறரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிட வேண்டாம் என்று கூறியதை (மத்தேயு 7:1), தவறைத் தவறென்று சொல்லவே கூடாது என்பதாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதே அதிகாரத்தில்தான் போலி இறைவாக்கினரை அவர்களுடைய கனிகளைக் கொண்டு இனங்காணும்படியும் அவர் சொல்கிறார். ஆகவே, ஒரு செயல் நல்லதா தீயதா என்று பகுத்தறிய நமக்குத் தடையில்லை. ஒருவருடைய உள்ளத்தைக் கண்டறிந்தவர்போல, கடவுள் முன் அவர் இத்தகையவர் என்று முடிவுகட்டவே நமக்கு உரிமையில்லை.

நடைமுறையில் இதைக் கடைப்பிடிக்க, முதலில் கண்டதையும் கருதியதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பங்குப் பேரவை (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகமான பங்கின் ஆலோசனைக் குழு) உறுப்பினர் ஒருவர் புதுச்சேரியில் ஒரு மதுக்கடை வாசலில் நின்றதை நீங்கள் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கே நின்றார் என்பதே நீங்கள் கண்டது. குடிக்க வந்தார் என்பது ஊகம். பீடத்தருகே நிற்கவே தகுதியற்றவர் என்பது தீர்ப்பு. பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அடுத்த அன்பியக் கூட்டத்தில் இம்மூன்றும் ஒரே வாக்கியமாக வெளிவருவதுதான் வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூல் (எண் 2477), போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதையே பிழை என்கிறது; அதாவது, வாய் திறப்பதற்கு முன்பே இப்பிழை தொடங்கிவிடுகிறது. உண்மையான குற்றமாகவே இருந்தாலும், தக்க காரணமின்றி அதை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவதும் குற்றம் என்று அதே எண் கூறுகிறது. ‘நடந்ததைத்தானே சொன்னேன்’ என்ற சமாதானம் அதன்முன் நிற்காது.

அடுத்த எண் (2478), இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் அறிவுரையை எடுத்துக்காட்டி ஒரு வழியைத் தருகிறது. பிறருடைய சொல்லுக்கும் செயலுக்கும் இயன்றவரை நல்ல பொருள் கொள்ள வேண்டும். அது இயலாவிட்டால், அவர் என்ன கருதினார் என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் கருதியது தவறாக இருந்தால் அன்போடு திருத்த வேண்டும். கேட்பது என்னும் இந்த நடுப்படியைத்தான் நாம் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். திருத்தப் போவதற்கு முன் தன் கண்ணிலுள்ள மரக்கட்டையை எடுத்தெறிய வேண்டும் என்பதை அனைவரும் அறிவோம். ஆனால், அப்போதுதான் சகோதரர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத் தெளிவாகக் கண் தெரியும் என்று அந்த வசனம் முடிவதை (மத்தேயு 7:5) பலர் கவனிப்பதில்லை. துரும்பை எடுக்கும் உதவி அங்கே கைவிடப்படவில்லை. அதைச் செய்யும் முறை மத்தேயு 18:15–17இல் உள்ளது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவருடன், கடைசியாகவே திருச்சபையிடம்.

தனிமனிதரை விட்டு ஒரு கூட்டத்தாரையே மொத்தமாகத் தீர்ப்பிடும் பழக்கம் இன்னும் ஆழமானது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு உடை அணிந்தவருக்குக் கால்மாட்டில் இடமும் தருவதை, தீய எண்ணத்தோடு தீர்ப்பிடுவதாகவே யாக்கோபு கண்டிக்கிறார் (2:1–4). புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அது இடிக்கப்பட்டதையும் பிரெஞ்சு ஆட்சியில் அங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் பதிவு செய்துள்ளது. இப்போதைய கட்டடம் அதற்குப் பிற்பட்டது. இன்று தன்னைச் சோதிக்க விரும்பும் பங்கு, தன் அன்பியக் கூட்டம் எந்தத் தெரு வீடுகளில் மட்டும் நடப்பதே இல்லை என்று பார்த்தால் போதும்.

இப்போதனையைக் கேடயமாகப் பயன்படுத்துவோரிடமும் கவனம் தேவை. குழந்தைக்கு எதிரான பாலியல் வன்முறை, மனைவியை அடிப்பது, பங்குப் பணத்தைக் கையாடுவது ஆகியவற்றை ‘தீர்ப்பிடாதீர்கள்’ என்று சொல்லி மூடிமறைப்பது நற்செய்தி அன்று. திருச்சபைக்கு உள்ளே இருப்பவர்களின் நடத்தையைச் சபையே விசாரிக்க வேண்டும் என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 5:12). குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கட்டளை. மத்தேயு 18 சொல்லும் தனிச்சந்திப்பை இங்கே காரணம் காட்டி, பாதிக்கப்பட்டவரைக் குற்றம் செய்தவர் முன் நிறுத்துவது கொடுமை.

ஏற்கெனவே பேசிவிட்டவர் என்ன செய்வது? மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்கிறது மறைக்கல்வி (எண் 2487). எனவே குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதினோமோ அதே குழுவில், எவர் காதில் போட்டோமோ அவரிடமே, சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். சொன்னது உண்மையாக இருந்தால் அதை மறுத்துப் பொய் சொல்லக் கூடாது. சொல்லியிருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொண்டு, அவரைப் பற்றித் தாம் அறிந்த நல்லதையும் சொல்லலாம்.