மஞ்சள் காகிதம் ஏன் சிவக்கிறது? குட்டிகளோடு அடுப்படியில் ஒரு சோதனை

பள்ளிச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. அவசரத்தில் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சள். துணி துவைக்கிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்போம். "ஏம்மா சிவப்பாச்சு?" என்று நின்று கேட்டது என் வீட்டில் 5 வயது மகள்தான். அந்தக் கேள்வியிலிருந்து வந்தது இந்தச் சோதனை. நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

வேண்டியவை: மஞ்சள்தூள், வெள்ளைக் காகிதம் (டிராயிங் நோட்டுத் தாள் போதும், பழைய வெள்ளை வேட்டித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது), குளியல் சோப்பு, ஆப்ப சோடா, எலுமிச்சம்பழம், புளி, காது குடையும் பட்ஸ் நாலைந்து. கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள். பிள்ளைக்குப் பழைய சட்டை. இந்தக் கடைசி இரண்டையும் மறந்தால் அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

படி 1: மஞ்சள் காகிதம்

அரை டம்ளர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூளைக் கலக்குங்கள். வெந்நீர் வேலை பெரியவர்களுடையது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டில் ஊற்றிப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தாளை முக்கும்போதும் ஒரு கலக்கு கலக்க வேண்டும்.

தாளை நனைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். (இதையே கறைக்கு வைத்தியமாக்கலாம். மஞ்சள் பட்ட சட்டையை அலசி நல்ல வெயிலில் கொடியில் போட்டால் கறை மங்கிவிடும்.) காய்ந்தபின் விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: முதலில் யூகம், பிறகு சொட்டு

சின்னக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர், ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று வரிசையாக வையுங்கள். பட்ஸால் தொட்டு வைப்பதற்கு முன்னால், "இது என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே எழுதிவையுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், முகத்திலும் காட்ட வேண்டாம். நிறம் மாறுவதைவிட இந்த யூகம்தான் முக்கியம் என்பேன். யூகிக்காமல் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை.

சோப்பும் சோடாவும் தொட்ட இடம் சிவக்கும். சோடா கொஞ்சம் மங்கலாக, செங்கல் நிறத்தில் இருக்கும். மற்றவை மஞ்சளாகவே இருக்கும். இப்போது சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். எங்கள் வீட்டில் இதை மட்டும் பதினோரு தடவை செய்தோம்.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் பாத்திரம் கழுவும் லிக்விடைத்தான் எடுத்தேன். தாள் துளிகூட மாறவில்லை. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பாதிக்காமல் இருக்க அந்த மாதிரி லிக்விடுகள் பலவற்றைக் காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை, மஞ்சளைச் சிவக்கவைப்பது இதுதான்) இல்லாமல் தயாரிக்கிறார்கள். சாதாரணக் கட்டி சோப்பு பெரும்பாலும் ஏமாற்றாது.

"காரம்னா மிளகாயா?"

சோப்பு ஒரு காரம், எலுமிச்சை ஒரு அமிலம் என்று சொன்னதும் இந்தக் கேள்வி வந்தது. சோப்பின் தன்மைக்கும் மிளகாயின் உறைப்புக்கும் தமிழில் ஒரே சொல்தானே. விளக்கம் சொல்வதைவிடச் சோதித்துப் பார்க்கலாம் என்று பச்சை மிளகாயை நறுக்கி (நான்தான், கையைக் கழுவிவிட்டு) தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தேன். அந்தத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் தாள் மஞ்சளாகவே இருந்தது. "நாக்குக்குத்தான் காரம், மஞ்சளுக்கு இல்ல" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

பெரியவர்களுக்கு மட்டும்: காரத்தில் குர்குமின் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறி நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அமிலம் சேர்ந்தால் இழந்தது திரும்பக் கிடைக்கிறது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே வழியில்தான். மஞ்சளோடு சேரும் சுண்ணாம்பு நல்ல காரம். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.

படி 3: ரகசியக் கடிதம்

ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பட்ஸால் வெள்ளைத் தாளில் எழுதிக் காயவிடுங்கள். எழுத்து தெரியாது. மேலே மஞ்சள் தண்ணீரைப் பஞ்சால் தடவினால் எழுத்து சிவந்து எழும். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும்.

படி 4: மஞ்சளால் முடியாததற்குச் சங்குப்பூ

மஞ்சள் காகிதத்துக்கு எலுமிச்சையும் ஒன்றுதான், உப்புத் தண்ணீரும் ஒன்றுதான். புளிப்பைக் கண்டுபிடிக்க நீலச் சங்குப்பூ வேண்டும். பத்துப் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். ஆறியதும் இரண்டு கண்ணாடி டம்ளரில் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த ரோஸ் நிறம். இன்னொன்றில் அரை ஸ்பூன் ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். பூ கிடைக்காவிட்டால் ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரும் இப்படித்தான் மாறும்.

கடைசியில் இரண்டு டம்ளரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லுங்கள். கரியமில வாயு நுரைத்துப் பொங்கி வழியும், நிறமும் மாறும். அடியில் அகலமான தட்டை வைத்துவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள்.