புதுசா ராம்ப்ல (விமானம் நிக்கிற இடம்) லோடிங் பார்க்கிறவங்களுக்கு: வெயிட் எங்க உட்காருதுன்னு பாருங்க

வேலைக்கு வந்த புதுசுல எல்லாரும் மொத்தம் எத்தனை கிலோன்னு மட்டும்தான் பார்ப்பாங்க. மொத்தம் சரியா இருந்தாலும் இடம் மாறிட்டா ஆபத்துதான், ஏன்னா கேப்டன் டேக்ஆஃபுக்கு டிரிம் (விமானம் சமநிலையா இருக்க வால் ஸ்டெபிலைசரை வைக்கிற கோணம்) செட் பண்றதே லோட்ஷீட்ல, அதாவது எங்க எவ்வளவு வெயிட்னு காட்டுற தாள்ல, இருக்கிற கணக்கை நம்பித்தான்.

உதாரணத்துக்கு ஏ320 எடுத்துக்கோங்க. சரக்கு வைக்கிற அறைக்குப் பேரு ஹோல்ட்: முன்னாடி ஹோல்ட் 1, பின்னாடி 3, 4, கடைசியில பல்க் 5 (பேக்கை உதிரியா அடுக்குற அறை). எல்ஐஆர்ல (எதை எங்க ஏத்தணும்னு சொல்ற தாள்) 40 பேக் ஹோல்ட் 1ன்னு போட்டிருக்கு, பெல்ட் லோடர் பின்னாடி நிக்குதேன்னு 4ல தள்ளிட்டீங்கன்னா, பேக் 15 கிலோன்னு வெச்சாலே 600 கிலோ முன்னாடியிருந்து பின்னாடி போயிடுச்சு, ஆனா பேப்பர்ல அது இன்னும் முன்னாடியே இருக்கு. அதனால மாத்தினா உடனே லோட்ஷீட் போடுற லோட் கன்ட்ரோலுக்கு சொல்லுங்க, லோட்ஷீட் திருத்தி காக்பிட்டுக்கு போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்னு விடவே விடாதீங்க.

ஏத்தும்போது முன்பக்கம் முதல்ல, இறக்கும்போது பின்பக்கம் முதல்ல. இல்லன்னா வால் கீழ உட்கார்ந்துடும், ஃப்ரெய்ட்டர்ல (சரக்கு விமானம்) இந்த பயம் இன்னும் அதிகம், டெயில் ஸ்டாண்டு (வாலுக்கு அடியில வைக்கிற முட்டு) போடச் சொல்லியிருந்தா போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

அடுத்தது சரக்கை ஸ்ட்ராப் போட்டுக் கட்டுறது. இதுல ரொம்ப நிதானம் வேணும். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தான் பக்ராம்ல நேஷனல் ஏர்லைன்ஸ் 747 ஃப்ரெய்ட்டர் 5 ராணுவ வண்டிகளோட கிளம்புச்சு, டேக்ஆஃப்ல பின்னாடி இருந்த வண்டி ஒண்ணு அவிழ்ந்து பின்பக்கமா போய் ஹைட்ராலிக்ஸையும் வால்ல இருக்கிற ஸ்டெபிலைசரை நகர்த்துற ஜாக்ஸ்க்ரூவையும் உடைச்சிடுச்சு, அதுக்கப்புறம் பைலட்டால ஒண்ணுமே பண்ண முடியல, விமானத்துல இருந்த 7 பேரும் போயிட்டாங்க. ஸ்ட்ராப் போடாம இல்ல, நிறைய போட்டிருந்தாங்க, ஆனா அந்த கனத்துக்கு அந்தக் கட்டு பத்தல. 5000 பவுண்டுன்னு எழுதின ஸ்ட்ராப் நேரா இழுக்கும்போதுதான் அவ்வளவு தாங்கும், செங்குத்தா மேலயிருந்து கீழ கட்டினா சரக்கு முன்னபின்ன ஓடுறதுக்கு அது தர்ற பிடி ரொம்பக் கம்மி. எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க, கோணத்தையும் பாருங்க, எத்தனை வேணும்னு மேனுவல் கணக்குப்படி போடுங்க.

பேலட் (சரக்கு அடுக்கின தட்டு) உள்ள போனதும் அதைப் பிடிச்சு நிறுத்துற தரை லாக் எல்லாம் எழும்பி நிக்குதான்னு கையால தொட்டுப் பாருங்க, கண்ணுக்கு நின்ன மாதிரி தெரியும், ஆட்டினா படுத்துடும். ஒரு லாக் உடைஞ்சிருந்தா அந்த இடத்துல ஏத்தக்கூடிய வெயிட் குறையும், அதையும் லோட் கன்ட்ரோலுக்கு சொல்லணும். ஏகேஇன்னு சொல்ற கன்டெய்னர்னா பொதுவா அதிகபட்சம் 1588 கிலோ, அதுல கன்டெய்னரோட சொந்த வெயிட்டும் சேர்த்தி.

பல்க் ஹோல்ட்ல டோர் நெட்டை மாட்டாம மூடாதீங்க, பேக் சரிஞ்சு கதவுல சாயும். எல்லாம் முடிஞ்சதும் ஹோல்ட் ஹோல்டா நீங்களே எட்டிப் பார்த்துட்டு எல்ஐஆர்ல கையெழுத்து போடுங்க, கூட இருக்கிறவர் ஓகே சொல்லிட்டாருன்னு போடாதீங்க.