தரையில் வந்த கறுப்புத் திட்டுகள்: என் அனுபவம்

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் ஒரு வீட்டு மாடலை, அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜின் வழியாக ரெண்டர் செய்தபோது (அதாவது படமாக்கியபோது), கூடத்துத் தரை முழுக்கக் கறுப்புத் திட்டுகள். சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) கூட்டினேன், விளக்கைக் கூட்டினேன். அவை அசையவே இல்லை. வெறும் நாய்ஸ் (படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சல்) என்றால் சாம்பிள் கூடக்கூடக் குறைந்திருக்கும். அப்படியானால் கோளாறு வடிவத்தில்தான்.

டைல்ஸுக்கு அடியிலுள்ள கான்கிரீட் ஸ்லாபை மட்டும் மறைத்து ரெண்டர் செய்தேன். தரை பளிச்சென்று வந்தது! ஸ்லாபின் மேல்பரப்பும் டைல்ஸ் பரப்பும் ஒரே மட்டத்தில் படிந்திருந்தன. எது மேலே என்று மென்பொருளால் முடிவு செய்ய முடியாது. டைல்ஸ் பரப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே திட்டு போய்விடும். ஆனால் கட்டடக்கலை படிப்பவர்களுக்கு அது போதாது. நிஜத்தில் டைல்ஸுக்கும் அடியிலுள்ள சாந்துக்கும் கனம் உண்டு. அதனால் டைல்ஸ் பரப்புக்கு சாலிடிஃபை மாடிஃபையர் (தட்டையான பரப்புக்குக் கனம் தரும் பிளெண்டர் வசதி) போட்டு, மேல்நோக்கி 50 மி.மீ. கனம் கொடுத்தேன். அப்புறம், கதவுகளையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அவை தரைக்குள் புதைந்து நிற்கும்.