செயினும் ஒயிலும் உங்கள் கையில், பிரேக் மெக்கானிக் பாஸின் கையில்

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்கு மெரின் டிரைவ் வழியாக வேலைக்குப் போகிறவன். கடற்காற்று படுகிற பைக்கில் முதலில் துருப்பிடிப்பது செயின்தான். அதனால் செயினை மட்டும் கராஜை நம்பி விடாதீர்கள். சேர்விஸில் அவர்கள் பூசுகிற ஒயில் இரண்டு நல்ல மழைக்குத் தாங்காது.

வேலை விட்டு வந்ததும், செயின் இளஞ்சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். டபிள் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினில் துணி வைத்தால் விரல் போய்விடும். பழைய பிரஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, உட்பக்கமாக ஒயில் விடுங்கள். பெற்றோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் உள்ள இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

பிறகு கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து ஆட்டுங்கள். சின்ன பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆட்டம் சரி. உங்கள் பைக்கின் சரியான அளவு அதன் கைந்நூலில் இருக்கும். சில்லைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் தொய்வும் இன்னோரிடத்தில் இறுக்கமும் என்றால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். இறுக்குவதென்றால் பின் அச்சின் இரண்டு பக்க அளவுக் கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். அச்சு நட்டைப் பூட்டிய பிறகு இன்னொரு தரம் ஆட்டிப் பாருங்கள், பூட்டும்போதே அளவு மாறிவிடும்.

எஞ்சின் ஒயிலும் வீட்டு வேலைதான். போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற பைக் ஒயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். கியர் பைக்கில் கிளட்ச் அந்த ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது, கார் ஒயில் விட்டால் வழுக்கக்கூடும். ஒயில் வடிக்கும் அடி நட்டை வெறிகொண்டு இறுக்க வேண்டாம், அலுமினியப் புரி கழன்றால் செலவு பெரிது. பழைய ஒயிலை வடிகானில் ஊற்றாமல் கேனில் சேர்த்து சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வருமான அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் எயார் பில்டரையும் கழற்றிப் பாருங்கள்.

வால்வு இடைவெளி, கிளட்ச் தட்டு, முன் ஷொக்கின் ஒயில் சீல், சில்லுப் பெயரிங் எல்லாம் பாஸிடம் விடுங்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே டோர்ச் அடித்துப் பார்க்கலாம், ஆனால் கை பழகாதவர் அதைக் கழற்ற வேண்டாம். பிழையாகப் பூட்டினால் அது காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால்தான் தெரியவரும். சாமானைப் பஞ்சிகாவத்தையில் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று, கழற்றிய பழையதைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல பாஸ் அதற்குக் கோபிக்க மாட்டார்.

புது பேட் பூட்டியதும் முதல் அழுத்தலில் லீவர் உள்ளே போகும். கராஜ் வாசலிலேயே பல தரம் அழுத்தி, அது இறுகி நின்ற பிறகு வீதியில் ஏறுங்கள்.