பச்ச ஈ போட்டோவுக்குப் பேரு வைக்கிறப்போ செய்யக் கூடாத தப்புங்க

போன சனிக்கிழமை மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பசார் (சந்தை) பின்னாடி, மீன் கழிவு கொட்டுற இடத்துல ரெண்டு தம்பிங்க ஹேண்ட்போன்ல லென்ஸ் மாட்டிக்கிட்டு குந்தி உட்கார்ந்து ஈயைப் போட்டோ புடிச்சிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம், நம்ம பக்கம் ஈயை உட்கார்ந்து பார்க்கிறவங்க எத்தனை பேரு சொல்லுங்க. ஆனா அவங்க ஒவ்வொரு போட்டோவுக்கும் வெச்சிருந்த பேரைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சி, அத்தனையும் நான் ஆரம்பத்துல செஞ்ச அதே தப்பு. படம் ஆடிப்போறது, இருட்டா விழறது அதெல்லாம் பத்து நாள்ல தானா சரியாயிடும், அதைப் பத்தி நான் பேசல.

மேல இருந்து ஒரே போட்டோ, கலரைப் பார்த்து பேரு

இன்னைக்கும் எனக்குக் கோவம் வர்ற தப்பு இதுதான். பச்சைன்னா லூசிலியா, நீலம்னா கிரைசோமியா (ரெண்டும் ஈக் கூட்டத்தோட பேரு), முடிஞ்சி போச்சின்னு நெனைக்கிறாங்க. அந்த மினுமினுப்பு சாயம் இல்லங்க, ஈயோட தோல்ல வெளிச்சம் பட்டுத் திரும்பி வர்ற விதம், அதனால செம்பனை நிழல்ல பச்சையா தெரிஞ்ச அதே ஈ வெயில்ல நீலமா தெரியும், ஃபிளாஷ் அடிச்சா செம்பு மாதிரி மின்னும்.

இதுக்கு நான் ஏன் இவ்ளோ பேசறேன்னா, ஒரு மாட்டோட காது போச்சி. பழைய லயத்துல ஒரு பாட்டி, செம்பனைக்குள்ள மேய விட்ட மாட்டுக்கு மட்டை முள்ளு குத்தி காது அடியில சின்னப் புண்ணு, அதுல பச்ச ஈ உட்காருதுன்னு பேரன்கிட்ட சொல்லி எனக்குப் போட்டோ அனுப்ப வெச்சாங்க. ஒரே போட்டோ, மேல இருந்து எடுத்தது. நான் உடனே "இது மெகாசெபலா பாட்டி, பசார்ல மீன் மேல உட்கார்றதுதான், செத்ததைத்தான் தேடும், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டேன். நாலாவது நாள் போய்ப் பார்த்தா புண்ணு கைமுட்டி அளவு, உள்ள புழுவெல்லாம் தலையை சதைக்குள்ள குத்திக்கிட்டு வாலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நெருக்கி நின்னுச்சி, நாத்தம் தாங்கல. மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டு, இது கிரைசோமியா பெஸ்ஸியானா, உயிருள்ள சதையைத் தின்ற ஜாதின்னு சொன்னாரு. அது முட்டை போட்டா ஒரு நாளைக்குள்ள பொரிச்சிடும், நான் சொன்னதை நம்பி மூணு நாள் போயிடுச்சி. பாட்டி திட்டக்கூட இல்ல. "நீ சொன்னேன்னுதான்யா சும்மா இருந்தேன்"னாங்க.

மெகாசெபலாவும் பெஸ்ஸியானாவும் ரெண்டும் கிரைசோமியாதான், மேல இருந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பக்கவாட்டுல எடுங்க, இறக்கை தொடங்குற எடத்துக்குக் கீழ சின்ன மடல் ஒண்ணு இருக்கும், பெஸ்ஸியானாவுக்கு அது மெழுகு வெள்ளை, மெகாசெபலாவுக்கு புகை படிஞ்ச பழுப்பு. அதே பக்கவாட்டுப் படத்துல தலைக்குப் பின்னாடி முன்னங்காலுக்கு மேல ஒரு மூச்சுத்துளை தெரியும், ரூஃபிஃபேசியஸ்னு இன்னொரு கிரைசோமியாவுக்கு அது வெள்ளையா இருக்கும், மெகாசெபலாவுக்கு கருப்பழுப்பு. அப்புறம் முன்னாடி இருந்து முகத்தை ஒண்ணு. மெகாசெபலாவுக்கு கன்னம் நல்லா ஆரஞ்சு, ஆண் ஈயா இருந்தா ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒவ்வொரு கண்ணுலயும் மேல பெரிய கட்டம், கீழ பொடிக் கட்டம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி பிரியும். அதை மொதத் தடவை ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மேல, பக்கம், முகம், மூணும் இல்லாம பேரு வைக்காதீங்க. உயிரோட இருக்கிற மாட்டுப் புண்ணு, நாய்ப் புண்ணுன்னா பேரு தெரியற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், மொதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க.

ஆப் சொன்னதை அப்படியே ஒத்துக்கிறது

பச்ச ஈன்னாலே, போட்டோவைப் பார்த்து பேரு சொல்ற ஆப்புக்கு லூசிலியா செரிகாட்டாதான். அது குளிர் நாடு, மிதமான நாட்டுல சாதாரணம். நம்ம பக்கம் நீங்க மொதல்ல நெனைக்க வேண்டியது லூசிலியா குப்ரினா, இல்லன்னா ஹெமிபைரெல்லியா லிகுரியன்ஸ். இந்த ரெண்டையும் சாதாரண போட்டோவுல பிரிக்கிறது ரொம்ப கஷ்டம், ஈயை மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும். அதனால "லூசிலியா அல்லது ஹெமிபைரெல்லியா"ன்னு எழுதிட்டு நிறுத்துங்க, அதுல ஒரு கொறைச்சலும் இல்ல, தப்பான முழுப் பேரை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

சாம்பல் ஈ

முதுகுல மூணு கருப்புக் கோடு, வயித்துல சதுரங்கக் கட்டம். அது சதை ஈ, பச்ச ஈ குடும்பமே இல்ல.

சைஸை வெச்சி முடிவு பண்றது

வேணாம். புழுவா இருக்கிறப்போ தீனி பத்தலன்னா அதே இனம் பாதி அளவுலதான் வெளிய வரும்.

மேல உட்கார்ந்த ஈதான் அடியில இருக்கிற புழுன்னு நெனைக்கிறது

செத்த கோழியில மேல மெகாசெபலா மொய்க்கும், கீழ முள்ளு முள்ளா சதை துருத்தின புழு நெளியும். அந்த முள்ளுப் புழு ரூஃபிஃபேசியஸ், இல்லன்னா அதே கிரைசோமியா கூட்டத்து வில்லெனூவி. ரூஃபிஃபேசியஸ் புழு பக்கத்துல இருக்கிற மத்த ஈப் புழுவையே புடிச்சித் தின்னும், குனிஞ்சி ரெண்டு நிமிஷம் பார்த்தா நீங்களே பார்க்கலாம். புழுவைத் தனியா எடுங்க, தனிப் பதிவா போடுங்க.

மத்தியானம் போறது

ஏழு மணிக்குப் போங்க. பனி காயறதுக்கு முன்ன ஈ மந்தமா இருக்கும், பசார் ஓரத்துக் கம்பி வேலியில அசையாம உட்கார்ந்திருக்கும், அந்த பக்கவாட்டுப் படத்தை நிதானமா எடுக்கலாம். அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பிங்களை அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்.